கொச்சியில் அரை நாள்: தனிக் காரா, ஆட்டோவா, படகா?

மூணாறுக்கோ ஆலப்புழைக்கோ போகிற குடும்பங்களுக்கு நடுவில் கொச்சியில் ஒரு அரை நாள் மிஞ்சும். காலை ரயில் எர்ணாகுளத்தில் இறக்கிவிட்டிருக்கும், ஆலப்புழையில் அறைச் சாவி மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். இல்லையென்றால் எல்லாம் சுற்றி முடித்து, இரவு ரயிலுக்கு முன்னால் ஒரு மாலைப் பொழுது கையில் இருக்கும். டிராவல்ஸ்காரர் ‘ஹாஃப் டே பிரைவேட் டூர்’ என்று ஒரு தொகை சொல்வார். ஏற்கெனவே போய் வந்த உறவுக்காரர் ஒருவர், “அதெல்லாம் எதுக்கு, அங்கேயே ஆட்டோ பிடிச்சுக்கலாம்” என்பார். இன்னொருவர், “படகுல போங்க, அதுதான் கொச்சி” என்பார்.

மூன்றுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் கைக்குழந்தையோடு போகிறவருக்கு ஒன்று பொருந்தும், நண்பர்களோடு போகிறவருக்கு வேறொன்று பொருந்தும். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் போயிருக்கிறேன், தனியாகப் படகில் போயிருக்கிறேன், ஒருமுறை வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு நடந்தும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பணத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

## நடுவில் தண்ணீர் இருக்கிறது

நாம் வந்து இறங்கும் எர்ணாகுளம் காயலின் கிழக்குக் கரை. நாம் பார்க்க வந்த சீன மீன்பிடி வலைகள், பழைய தேவாலயங்கள், டச்சு அரண்மனை, யூதர் தெரு எல்லாம் மேற்கே, தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் இருக்கின்றன. நடுவில் வில்லிங்டன் தீவு. 1920களிலும் 30களிலும் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது, அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது.

சாலை வழியாகப் போனால் அந்தத் தீவைத் தொட்டு, தோப்பும்படியைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் போக வேண்டும். நெரிசல் இல்லாவிட்டால் 40 நிமிடம், இருந்தால் ஒரு மணி நேரம், சில மாலைகளில் அதற்கும் மேல். படகில் நேராகக் கடந்தால் சுமார் 20 நிமிடம்.

அரை நாள் சுற்றுலா என்றால் கணக்கில் நான்கு மணி நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று சாலையில் கொடுத்துவிட்டால் இரண்டு மணி நேரம்தான் மிச்சம். மற்ற ஊர்களில் காரில் போனால் நேரம் மிச்சமாகும். கொச்சியில் பல நேரம் அது தலைகீழ்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, போக்குவரத்து போக நிஜமாகப் பார்ப்பதற்குக் கிடைக்கும் நேரம். இரண்டாவது, கூட வருகிறவர்களின் கால்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவும், தூக்கச் சொல்லி அழும் இரண்டு வயதுக் குழந்தையும் திட்டத்தையே மாற்றிவிடுவார்கள். மூன்றாவது, கையில் பெட்டி இருக்கிறதா என்பது. பலரும் இதை மறந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் தவிக்கிறார்கள். நான்காவது, சொன்ன விலைக்கும் கொடுத்து முடிக்கிற விலைக்கும் உள்ள இடைவெளி.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியம்: பார்க்கிறதை யாராவது விளக்கிச் சொல்வார்களா? ஃபோர்ட் கொச்சியில் இருக்கும் கட்டடங்கள் நம்மூர்க் கோபுரங்களைப் போல நிமிர்ந்து நின்று தன்னைக் காட்டிக்கொள்பவை அல்ல. டச்சு அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த பெரிய வீடு, அவ்வளவுதான். கதை தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம்.

சுருக்கமாக ஒரு அட்டவணை, விவரம் கீழே:

| | தனிக் கார் | ஆட்டோ | படகும் நடையும் | படகும் வழிகாட்டியும் |
|---|---|---|---|---|
| தண்ணீரைக் கடக்க | 40 நிமிடம் முதல் 1 மணிக்கு மேல் | அதே சாலை, அதே நெரிசல் | சுமார் 20 நிமிடம், காத்திருப்பு தனி | சுமார் 20 நிமிடம், காத்திருப்பு தனி |
| செலவு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு | நடுத்தரம், குழுவாகப் போனால் குறைவு |
| எதிர்பாராத செலவு | கூடுதல் மணி, கிலோமீட்டர், பேட்டா, பார்க்கிங் | கடைகளில் கரையும் நேரம் | வரிசையில் நிற்பது, களைப்பு | டிப்ஸ், நுழைவுக் கட்டணம் |
| முதியோர், கைக்குழந்தை | நல்லது | பரவாயில்லை | சிரமம் | நடுவில் ஆட்டோ வைத்தால் முடியும் |
| பெட்டி | டிக்கியில் வைக்கலாம் | இடமில்லை | ரயில் நிலையத்தில் வைக்க வேண்டும் | ரயில் நிலையத்தில் வைக்க வேண்டும் |
| கனமழை | கவலையில்லை | நனைவோம் | வேண்டாம் | வேண்டாம் |
| விளக்கம் | டிரைவரைப் பொறுத்தது | டிரைவரைப் பொறுத்தது | நாமே படித்துப் போக வேண்டும் | இதுதான் இதன் பலம் |

## தனிக் கார்

இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘பிரைவேட் டூர்’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை காரும் டிரைவரும் மட்டும்தான். வழிகாட்டி கிடையாது. டிரைவர் வாசலில் இறக்கிவிடுவார், வண்டியை எங்காவது நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், கூப்பிட்டால் வருவார். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், வழியெல்லாம் ஊரைப் பற்றிப் பேசலாம். ஆனால் டச்சு அரண்மனைக்குள் வந்து சுவரோவியத்தின் முன் நின்று ராமாயணக் காட்சியை விளக்குவது அவர் வேலையில்லை. வழிகாட்டியும் சேர்த்து என்றால் விலை வேறு. பதிவு செய்யும்போதே, “டிரைவர் தனி, கைடு தனியா? கைடு தமிழ் பேசுவாரா?” என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளூர் வாடகைக்கு வழக்கமான கணக்கு ‘4 மணி நேரம், 40 கிலோமீட்டர்’. கேட்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால் அந்தக் கடிகாரம் நீங்கள் ஏறும்போது ஓடத் தொடங்குகிறதா, வண்டி அதன் ஷெட்டை விட்டுக் கிளம்பும்போதா? பல இடங்களில் ஷெட்டிலிருந்து ஷெட் வரை என்பதுதான் கணக்கு. வண்டி பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போக வர இருபது கிலோமீட்டர் நீங்கள் ஏறாமலே தீர்ந்திருக்கும். நெரிசலில் ஐந்தாவது மணி நேரம் தொடங்கிவிட்டால் அதற்குத் தனிக் காசு. டிரைவர் பேட்டா, பார்க்கிங் இரண்டும் உள்ளே சேர்ந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நுழைவுச்சீட்டு பொதுவாகச் சேராது.

இணையத்தில் பதிவு செய்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். காட்டப்படும் விலை காருக்கா, ஆளுக்கா? பெரிய எழுத்தில் இருப்பது ஒருவருக்கான விலையாக இருந்து, ‘குறைந்தது 2 பேர்’ என்பது கீழே சிறிய எழுத்தில் இருக்கலாம். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வாடகைக் காரிலேயே வருகிறீர்கள் என்றால், கேரள பர்மிட் தேவைப்படுமா, அதை யார் கட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் கொச்சிக்குள் வந்தபிறகு கார் கொஞ்சம் பாரம்தான். பிரின்சஸ் தெரு, ரோஸ் தெரு மாதிரி பழைய தெருக்கள் குறுகலானவை. கடற்கரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே கால்மணி நேரம் போகும். புனித பிரான்சிஸ் தேவாலயம், சாந்தா குரூஸ் பசிலிக்கா பேராலயம், சீன வலைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம். காரில் ஏறி இறங்குகிற நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

இவ்வளவு குறை சொன்னாலும், சில நிலைமைகளில் காரைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அம்மாவோடு போனபோது, ஒவ்வொரு இடத்துக்கும் நடுவில் அவருக்கு ஏசியில் பத்து நிமிடம் உட்காரக் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. கொச்சியின் புழுக்கம் வெயிலைவிடக் கொடுமையானது, நிழலில் நின்றாலும் வியர்வை நிற்காது. அப்புறம் பெட்டிகள். அறையைக் காலி செய்துவிட்டு இரவு ரயிலுக்குப் போகும் குடும்பத்துக்குக் கார் டிக்கியே ஒரு நகரும் லாக்கர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் கார்தான் நிம்மதி.

கொச்சி ராஜாக்களின் பழைய அரண்மனையான திருப்பூணித்துறை ஹில் பேலஸையும் பார்க்க வேண்டும் என்றால் கணக்கு மொத்தமாகக் கார் பக்கம் சாய்ந்துவிடும். அது எர்ணாகுளத்துக்குக் கிழக்கே, படகுக்குச் சம்பந்தமில்லாத திசையில் இருக்கிறது. ஆனால் அதையும் ஃபோர்ட் கொச்சியையும் ஒரே அரை நாளில் திணிக்காதீர்கள். அப்படித் திணித்த திட்டங்களை டிராவல்ஸ் பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். ஆறு இடம், நான்கு மணி நேரம் என்று இருக்கும். ஊரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவதுதான் அது.

விமான நிலையத்தில் இறங்கி அடுத்த விமானத்துக்கு நடுவில் நான்கைந்து மணி நேரம் இருப்பவர்கள் இந்தச் சுற்றையே மறந்துவிடுங்கள். நெடும்பாசேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

## ஆட்டோ

எர்ணாகுளத்திலிருந்தே ஆட்டோவில் போவதில் அர்த்தமில்லை. கார் போகிற அதே சுற்றுச் சாலையில், புகையும் வெயிலும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆட்டோவின் இடம் ஃபோர்ட் கொச்சிக்குள்தான். படகில் வந்து இறங்கியதும் ஜெட்டி என்னும் படகுத்துறை வாசலிலேயே ஆட்டோக்காரர்கள் நிற்பார்கள். குறுகலான சந்துகளில் புகுந்து போகும், நினைத்த இடத்தில் நிற்கும், ஊரைத் தெரிந்த டிரைவர். கடற்கரையிலிருந்து மட்டாஞ்சேரி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்கு ஆட்டோவைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. “ரெண்டு மணி நேரம், எல்லா இடமும் காட்டறேன்” என்று நம்பமுடியாத குறைந்த தொகை சொன்னால், மிச்சப் பணம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது என்று பொருள். சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போனால் டிரைவருக்குக் கமிஷன் கொடுக்கும் கைவினைப் பொருள் கடைகள் அங்கே உண்டு. நாம் ஒன்றும் வாங்காவிட்டாலும், சிறிது நேரம் உள்ளே இருந்தாலே அவருக்கு ஏதாவது கிடைக்கும் என்பதால், “சும்மா பார்த்துட்டு வாங்க” என்று கெஞ்சாத குறையாகக் கேட்பார். அவர்மேல் கோபப்படவும் முடியாது, அது அவர் பிழைப்பு. ஆனால் ஒரு கடைக்கு இருபது நிமிடம் என்று மூன்று கடைக்குப் போனால், அரை நாளில் ஒரு மணி நேரம் போச்சு.

நான் கண்டுகொண்ட வழி, ஏறும் முன்பே, “சேட்டா, கடையில் போகண்டா” என்று சொல்லிவிட்டு, அதற்குத் தக்கபடி கொஞ்சம் கூடுதலாகவே பேசிக்கொள்வது. போகவேண்டிய இடங்களை எண்ணிச் சொல்லுங்கள், காத்திருப்பும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் அந்த நூறு ரூபாயில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது.

மூன்று பேருக்கு மேல் என்றால் இரண்டு ஆட்டோ வேண்டும், அப்போது விலை காரை நெருங்கும். மழையில் பக்கவாட்டுத் திரையைத் தாண்டிச் சாரல் அடிக்கும். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுவது சித்திரவதை.

## படகும் நடையும்

எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. கட்டணம் டவுன்பஸ் கணக்குத்தான். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஏறும் படகு. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை வந்தபிறகு இன்னொரு வழியும் இருக்கிறது. ஹைகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஏசிப் படகு, தொடங்கியபோது கட்டணம் 40 ரூபாய். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய மின்கலப் படகுகள், சத்தம் கிட்டத்தட்ட இல்லை. மிதவை மேடை தண்ணீரோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், படகும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். வயதானவர்கள்கூடத் தடுமாறாமல் ஏறலாம், சக்கர நாற்காலியும் நேராக உள்ளே போகும். பழைய படகில் அந்த வசதி இல்லை, கைபிடித்து ஏற வேண்டும். மட்டாஞ்சேரிக்கும் இப்போது வாட்டர் மெட்ரோ முனையம் இருக்கிறது. ஆக, ஃபோர்ட் கொச்சியில் இறங்கி மட்டாஞ்சேரியில் ஏறித் திரும்பினால் வந்த வழியே நடக்க வேண்டியதில்லை.

படகில் போவதை வெறும் போக்குவரத்தாக நினைக்காதீர்கள். ஒரு பக்கம் சரக்குக் கப்பல்கள், கொள்கலன் முனையத்தின் பெரிய கிரேன்கள், இன்னொரு பக்கம் மீன்பிடிப் படகுகள், முன்னால் மெல்லக் கிட்டே வரும் சீன வலைகள். காரில் போகிறவருக்கு இது எதுவுமே கிடையாது. மரைன் டிரைவில் ‘ஹார்பர் குரூஸ்’ என்று கூவி அழைக்கும் தனியார் படகுகள் வேறு ரகம். அவை சுற்றிக் காட்டிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் சவாரிகள். ஃபோர்ட் கொச்சியில் இறங்க வேண்டும் என்றால் பயணிகள் படகைத்தான் பிடிக்க வேண்டும்.

பணம் போகாத இந்த வழியில் நேரமும் உடம்பும் கொஞ்சம் போகும். ஞாயிறு, பண்டிகை விடுமுறை நாட்களில் வாட்டர் மெட்ரோ வரிசை நீளும். இருபது நிமிடப் படகுக்கு முக்கால் மணி காத்திருந்தால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். கடற்கரையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வெயிலில் நடக்கலாம் என்று நினைப்பவர்கள் பாதியில் மனம் மாறுவார்கள், அந்தத் துண்டுக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். சீன வலைக்குப் பக்கத்தில் போனால் கயிறு இழுத்துப் பார்க்கக் கூப்பிடுவார்கள். நல்ல அனுபவம்தான், தேக்கு மரமும் எதிர்எடையாகத் தொங்கும் கற்களும் எப்படி வேலை செய்கின்றன என்று கையாலேயே தெரியும். முடிந்ததும் காசு கேட்பார்கள். கொடுக்க மனம் இருந்தால் மட்டும் கயிற்றைத் தொடுங்கள்.

## படகும் வழிகாட்டியும்

காருக்குக் கொடுக்கிற பணத்தை ஒரு நல்ல வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் படகில் கடந்துவிடுங்கள். கால் நன்றாக இருக்கும் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். வழிகாட்டிக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு இல்லை, குழுவுக்கு. நான்கைந்து பேர் பகிர்ந்துகொண்டால் பெரிய தொகையாக இருக்காது. சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் பேசுகிறவர் வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும், போன இடத்தில் தேடினால் ஆங்கிலமும் இந்தியும்தான் கிடைக்கும்.

என்ன வித்தியாசம் என்றால், புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு நான் முதல்முறை போனபோது வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன், வந்துவிட்டேன். 1524இல் இங்கே இறந்தார், பிறகு உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், அந்தப் பலகையில் இருப்பது அவ்வளவுதான். அடுத்த முறை கூட வந்த வழிகாட்டி என்னைச் சுவர்களைப் பார்க்கச் சொன்னார். பதித்திருக்கும் கல்லறைக் கற்களில் ஒரு பக்கம் போர்த்துகீசியர், எதிர்ப்பக்கம் டச்சுக்காரர். 1503இல் போர்த்துகீசியர் மரத்தில் எழுப்பிய கத்தோலிக்க ஆலயம், 1663இல் டச்சுக்காரர் கைக்கு வந்து புராட்டஸ்டன்ட் ஆனது, 1795இல் ஆங்கிலேயரிடம் போனது, இப்போது தென்னிந்தியத் திருச்சபையினுடையது. தலைக்குமேல் தொங்கும் பங்கா என்ற துணி விசிறிகளை யாரோ வெளியே உட்கார்ந்து கயிற்றால் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதே கூடம்தான், ஆனால் முதல்முறை நான் பார்த்தது அதில் பாதிகூட இல்லை.

அரண்மனையிலும் அப்படித்தான். டச்சு அரண்மனை என்று பெயர், கட்டியவர்கள் போர்த்துகீசியர், பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர் 1663 வாக்கில் பழுது பார்த்ததோடு சரி. ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். நாம் அறிந்த கதை, ஆனால் கேரள ஓவிய முறையில் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியிருப்பதால் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஆள் வேண்டும்.

யூதர் தெருவில் 1568இல் கட்டிய ஜெபக்கூடத்துக்குப் ‘பரதேசி’ ஜெபக்கூடம் என்று பெயர். நம்மூரில் அந்தச் சொல் வசவாகிவிட்டது, அங்கே அது பழைய பொருளிலேயே நிற்கிறது: வேற்று தேசத்திலிருந்து வந்தவர்கள். தரையில் சீனத்து நீல ஓடுகள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். யூதர்களுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் கொடுத்த செப்பேடுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. நம் கல்வெட்டுகளில் இருக்கும் அதே எழுத்து. தமிழ் வாசகருக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி, ஆனால் யாரும் சொல்லாவிட்டால் நாம் விளக்குச் சரங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவோம்.

நேரம் இருந்தால் டோபி கானா என்ற சலவைக்கூடத்தையும் கேளுங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் இன்றும் அங்கே வெளுக்கின்றன. நாம் தமிழில் பேசினால் தமிழில் பதில் வரும். காரில் போன அன்று அதை எனக்கு யாரும் காட்டவில்லை.

முதியவர் கூட வந்தாலும் இந்த வழியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். வாட்டர் மெட்ரோவில் கடந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆட்டோவைப் பேசிக்கொண்டு, வழிகாட்டியும் அதில் ஏறிக்கொள்ளட்டும். ஒருவர் இருவராகப் போகும்போது இது காரைவிட எல்லா வகையிலும் மேல்.

## கிழமை பார்க்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும். நான் அம்மாவோடு காரில் போனது ஒரு சனிக்கிழமை. ஜெபக்கூடம் சனிக்கிழமை திறக்காது. யூதர்களின் ஓய்வுநாள் அது. பணம் வாங்கிய டிராவல்ஸ் நிறுவனம் தன் பட்டியலில் அதை முதல் இடமாகப் போட்டிருந்தது, கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டிய கதவின் முன் அம்மா நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

டச்சு அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஜெபக்கூடத்தில் வெள்ளி மதியத்துக்குமேல் அனுமதியில்லை, யூதப் பண்டிகை நாட்களிலும் இல்லை. புனித பிரான்சிஸ் ஆலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு. ஹில் பேலஸ் திங்கள் மூடியிருக்கும். வெள்ளி இரவு கிளம்பி சனி, ஞாயிறு சுற்றுகிற நம் வழக்கத்துக்கு, இந்த அரை நாளை ஞாயிறு மதியத்துக்குமேல் வைத்துக்கொள்வதுதான் சரி. முடிந்தவர்கள் செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் போனால் எல்லாமே திறந்திருக்கும், கூட்டமும் இருக்காது.

நேரத்திலும் ஒரு வரிசை இருக்கிறது. ஜெபக்கூடம் காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை என்பதுதான் வழக்கம். ஆகவே காலைச் சுற்று என்றால் ஃபோர்ட் கொச்சியை முதலில் வைத்து, பத்து மணிக்கு மேல் மட்டாஞ்சேரி. மாலைச் சுற்று என்றால் தலைகீழாக, மூன்று மணிக்கு மட்டாஞ்சேரியில் தொடங்கி, சூரியன் கடலில் இறங்கும்போது சீன வலைகளுக்குப் பக்கத்தில் முடிப்பது. கார் டிரைவர் தனக்கு வசதியான வரிசையில் ஓட்டுவார், நீங்கள்தான் இதைச் சொல்ல வேண்டும். பண்டிகை நாட்களில் நேரம் மாறலாம் என்பதால் முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெபக்கூடத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும்.

பினாலே நடக்கும் காலத்தில் அரை நாள் போதாது. 2012இல் தொடங்கிய அந்தக் கலைக் கண்காட்சி டிசம்பரிலிருந்து மார்ச் வரை பழைய கிடங்குகளிலும் பங்களாக்களிலும் விரிந்து கிடக்கும். ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள், அப்போது காரை யோசிக்கவே வேண்டாம்.

## யாருக்கு எது

பெட்டியோடு இருக்கிறீர்கள், அல்லது மழைக்காலம், அல்லது அதிகம் நடக்க முடியாதவர்கள் இரண்டு பேருக்குமேல் கூட வருகிறார்கள்: கார். ஷெட் கணக்கையும் பேட்டாவையும் பேசிவிட்டு, இடங்களை நான்காகக் குறைத்துக்கொண்டு போங்கள்.

இளைஞர்கள், நண்பர்கள், தனியாகப் போகிறவர்கள்: படகும் நடையும். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போனால் வழிகாட்டி இல்லாத குறை பாதி தீரும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பம், வரலாறு பிடித்தவர்கள், முதல்முறை போகிறவர்கள்: படகும் வழிகாட்டியும். பிள்ளைகளுக்குப் படகுதான் நாளின் பெரிய சந்தோஷமாக இருக்கும். முழு நேர ஆட்டோவை, ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் சொல்வேன்.

திரும்பும் படகைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சூரியன் மறைந்ததும் கடற்கரையில் இருந்த கூட்டம் மொத்தமும் ஃபோர்ட் கொச்சி முனையத்துக்கு வரும். இரவு ரயில் இருக்கிறது என்றால் அந்த வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கும். பக்கத்திலேயே வைப்பினுக்கு ரோரோ படகு இருக்கிறது, வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் அக்கரை சேர்க்கும். வைப்பினில் இறங்கினால் அங்கேயிருந்து ஹைகோர்ட்டுக்கு வாட்டர் மெட்ரோ, இல்லையென்றால் பாலங்கள் வழியாக நகருக்குள் பஸ்ஸும் ஆட்டோவும். அன்றைய கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் சீட்டு வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.